மொரமொர வேட்டி

கேள்வி: டாப் லோடை விட்டு ஃப்ரன்ட் லோடுக்கு மாறினேன், சோப்புத்தூளையும் மாற்றினேன். வேட்டி இன்னும் மொரமொரவென்று பழுப்பாகத்தான் வருகிறது. என்ன செய்ய? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: தண்ணீரை மாற்றவில்லையே! போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அழுக்கை முந்திக்கொண்டு தூளைத் தின்றுவிடும். மொரமொரப்பு நம்மூர்க் கடலைமிட்டாய்க்கு அழகு, வேட்டிக்கு ஆகாது. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் வெள்ளைத்துணியைப் போடுங்கள். ஃப்ரன்ட் லோடு குடிப்பதும் கொஞ்சம்தான். போர் தண்ணீர்தான் கதி என்றால் தூளோடு கொஞ்சம் சலவை சோடா, 40 டிகிரி சூடு. முக்கியமாக, கரிசல் மண் ஒட்டிய துணியை உடனே நனைக்காதீர்கள். அந்த நுண்களி ஈரத்தில் நூலுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, நன்றாக உதறிவிட்டு அப்புறம் மெஷினில் போடுங்கள்.