மறதிக்கு ஒரு பொன்னாடை

ரோட்டரி சங்கத்தில் நான் சேர்ந்தது சேவை செய்யத்தான் என்று இப்போது இளைஞர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் 1985இல், கும்பகோணத்தில், சட்டையில் பல்சக்கரச் சின்னம் மின்ன, வாராவாரம் ஓட்டல் மாடியில் உட்கார்ந்து ரவா தோசை சாப்பிடலாம் என்பதுதான் அந்த இளைஞனுக்குத் தெரிந்த சேவை. சிறப்புரை என்பது தோசைக்கு நாங்கள் கட்டிய கப்பம். போலியோவை ஒழிப்பதாக உலக ரோட்டரி கிளம்பியதும் அந்த வருஷம்தான். அதைப் பற்றிப் பேச வந்தவரின் ஸ்லைடுகள் தலைகீழாக விழ, பின்வரிசையில் நாங்கள் சிரிக்க, முன்வரிசையில் எங்கள் மனைவிமார் முறைப்பார்கள். அவர்களுக்கு அப்போது சங்கத்தில் ‘ஆன்ஸ்’ என்று பெயர். பெண்களும் உறுப்பினராகலாம் என்று தலைமை ஒப்புக்கொண்டது 1989இல்தான்.

இப்போது எங்கள் தலைவரே ஒரு பெண், ஆடிட்டர், மணியை அடித்தால் சொன்ன நிமிஷத்தில் அடிப்பவர். போன வாரம் அவர் தஞ்சாவூரிலிருந்து இளம் நரம்பியல் டாக்டர் ஒருவரை அழைத்திருந்தார். தலைப்பு, மறதி நோய்க்கான சிகிச்சை. அறுபதைத் தாண்டிய கூட்டம் இவ்வளவு கவனமாக ஒரு சிறப்புரையைக் கேட்டு நான் பார்த்ததில்லை. 1906இல் ஜெர்மனியில், டூபிங்கனில், அல்சைமர் என்ற டாக்டர் முதன்முதலாக இந்த நோயைப் பற்றிப் பேசி முடித்தபோது சபையில் ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். எண்பதுகளில் அவர் எங்கள் ஓட்டல் மாடிக்கு வந்திருந்தாலும் அதே மரியாதைதான் கிடைத்திருக்கும்.

நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வது ஒரு பரிசோதனை என்றார் டாக்டர். உடனே எங்கள் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற ஜவுளி வியாபாரி, 93, 86, 79 என்று மூச்சுவிடாமல் இறங்கி இரண்டில் வந்து நின்றார். பக்கத்தில் நான் 86க்குப் பிறகு கைபேசியைத் தேடினேன். ஊரில் பாதிப் பேரின் டெலிபோன் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்த ஆசாமி நான். இன்று மனைவியின் நம்பரே கைபேசிக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தது, பெயரில்லாமல். அப்பாவின் அத்தை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பள்ளிவிட்டு வரும் என்னை, எப்போதோ செத்துப்போன தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ‘என்னக்கா?’ என்று கேட்டால் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சீடை கிடைக்கும். கொஞ்சம் கழித்து மறுபடி போய் நின்றால் இன்னொன்று. ‘வயசாச்சு, புத்தி தடுமாறுது’ என்பதோடு வைத்தியம் முடிந்தது. காவிரிக்கரைப் பக்கம் வழிதவறிப் போனால் பூக்காரியோ குதிரைவண்டிக்காரரோ கைபிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். அந்த வேலையைச் செய்ய இப்போது மணிக்கட்டில் கட்டும் ஜி.பி.எஸ். கருவி விற்கிறார்கள், சார்ஜ் போட ஞாபகம் இருந்தால் போதும். கூட்டுக்குடும்பம் போச்சே என்று நாங்கள் அங்கலாய்ப்போம். அங்கலாய்க்கிறவர்கள் அநேகமாக ஆண்கள். அத்தையைக் குளிப்பாட்டி, ராத்திரியில் புடவை மாற்றி, அவள் வாயால் திருட்டுப்பட்டமும் வாங்கிக்கொண்டவள் அம்மா. எந்தக் கூட்டத்தின் நன்றியுரையிலும் அவள் பெயர் வந்ததில்லை.

இன்று மாத்திரை உண்டு. டோனெபெசில் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குணப்படுத்தாது, சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும். 2023இல் முழு அனுமதி பெற்ற லெக்கானமாப், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. மூளையில் படிந்த அமிலாய்டைக் கரைக்கிறது, ஆரம்ப நிலையில் சரிவைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது, போனதைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் வேறு. இந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ‘வல்லாரைக் கீரை?’ என்று ஒரு குரல் வந்தது. சாப்பிடுங்கள், கீரை நல்லதுதான் என்று சாமர்த்தியமாக நகர்ந்தார் டாக்டர்.

அவர் அழுத்திச் சொன்னது வேறு. 2024இல் லான்செட் குழு பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணங்களில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மட்டுமல்ல, காது கேளாமையும் தனிமையும் உண்டாம். காது மெஷினை ஜேப்பில் வைத்திருந்த இரண்டு பேர் அவசரமாக மாட்டிக்கொண்டார்கள். நாலு பேரோடு பேசுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள் என்றார். அந்த நாளில் கூட்டம் முடிந்தபிறகுதான் எங்களுக்குக் கூட்டமே ஆரம்பிக்கும். ஸ்கூட்டரைக் கிளப்புவதாகப் பாவனை செய்துகொண்டே பதினொரு மணி வரை வாசலில் நின்று ஊர் வம்பு பேசியது ஒரு மருந்து என்று யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் அத்தனை திட்டு வாங்கியிருக்க வேண்டாம்.

பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, அது வாட்ஸ்அப்பில் ஏறுவதற்குள் டிரைவர்கள் காரைத் திருப்பி நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கொரு டிபன் பார்சலோடு படியிறங்கினோம். டாக்டருக்கும் இரவோடு இரவாகத் தஞ்சாவூர் திரும்ப வேண்டுமாம். அவருக்கும் ஒன்று, சட்னி தனியாக.