எளிய வாழ்த்து அட்டை, கடினமான பட்டியல்

‘தொடக்க நிலையினருக்கு மட்டும்’ என்று அறிவிக்கும் வாழ்த்து அட்டை வகுப்பின் பொருள் பட்டியலைப் பாருங்கள்: வளைவு வளைவாக வெட்டும் கத்தரிகள், குவில்லிங் ஊசி, ஹாட் க்ளூ கன், ஜிகினாத் தூள். சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அலைந்து இதையெல்லாம் சேர்ப்பதற்குள் பொங்கலே முடிந்துவிடும்.

இத்தனை இருந்தும் வகுப்புத் திட்டத்தில் விடுபடுவது மடிப்புதான். ஏ4 தாளை நடுவில் மடித்தால் 148க்கு 210 மில்லிமீட்டரில் அட்டை தயார். ஆனால் கெட்டித் தாளில் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அதற்குக் குறுக்கே மடித்தால் முதுகு வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அளவுகோல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் சுத்தமாக வரும். சொல்லித்தர இரண்டு நிமிடம் போதும். அதனால்தான் சொல்வதில்லை போலும். கட்டணம் இரண்டு மணி நேரத்துக்கு வாங்கியாயிற்றே!

பிறகென்ன, பானையும் கரும்பும் சூரியனும் முப்பரிமாணத்தில் எழும்பும். ஃபெவிகால் தாராளத்தில் தாள் பொரித்த அப்பளமாய் நெளியும். எல்லாம் முடிந்த பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மிஸ், இது கவருக்குள்ள போகுமா?”

போகாது. திட்டம் போடுகிறவர்களே, தயவுசெய்து முதலில் கவரை வாங்குங்கள்.