காதுக்காரர்

காரைக்காலில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு காதுக்காரர் இருப்பார். ஃப்ரிட்ஜ் முனகினால், மிக்சி இருமினால், மெக்கானிக்குக்குப் போன் போவதற்கு முன் இவருக்கு ஆள் போகும். ஆள் போகாவிட்டாலும் வந்துவிடுவார். சத்தம் சுவரேறி இவர் வீட்டுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருக்கும். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க இவர் திறந்து பார்த்ததெல்லாம் கோப்புகள்தான். ஸ்குரூ டிரைவரை இவர் கையில் யாரும் பார்த்ததில்லை. கழற்றிப் பார்ப்பது கேட்கத் தெரியாதவன் வேலை என்பது இவர் கட்சி.

வந்ததும் முதல் காரியமாக வீட்டில் ஓடுவதையெல்லாம் நிறுத்தச் சொல்வார். டிவி, ஃபேன், அடுப்பில் குக்கர், திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் மாமியார். பிறகு தோளில் கிடக்கும் துண்டை நாலாக மடித்து ஃப்ரிட்ஜின் விலாவில் வைத்து, அதன்மேல் காதைப் பொருத்திக் கண்ணை மூடுவார்.

"எப்பலேருந்து இப்படி?"

"முந்தாநாள் ராத்திரிலேருந்து அண்ணே. திடீர்னு படக்குங்குது. அப்பறம் களக் களக்குன்னு உள்ள என்னமோ ஓடுது."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

யாருடைய சாப்பாட்டுக்கு என்று கேட்க அந்த அம்மாளுக்குத் தைரியம் வராது. "பின்னாடிதான்" என்பார். காதுக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

"கேஸ் இறங்குது."

கேஸ் எங்கும் இறங்கவில்லை. பனிக்கட்டி சேராத வகை ஃப்ரிட்ஜ் அவ்வப்போது உள்ளே ஒரு ஹீட்டரைப் போட்டு, ஒட்டிய பனியைத் தானே உருக்கிக்கொள்ளும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் பிளாஸ்டிக் படக்கென்று சொடுக்கும். உருகிய சொட்டு ஹீட்டரில் பட்டால் சுர்ரென்னும். கம்ப்ரசர் நின்ற பிறகும் குழாய்க்குள் மிச்சமிருப்பது அடங்கும்வரை களகளக்கும். இதெல்லாம் நோயல்ல என்று ஃப்ரிட்ஜோடு வந்த புத்தகத்தில் பெரும்பாலும் போட்டிருக்கும். அந்தப் புத்தகம் அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கிறது.

பயப்பட வேண்டியது வேறு. ம்ம்ம் என்று சில நொடி திணறி, டக்கென்று நின்று, சில நிமிஷம் கழித்து மறுபடியும் ம்ம்ம், டக். கம்ப்ரசர் கிளம்ப மாட்டாமல் ஓவர்லோடு அதை வெட்டிவிடுகிறது. ரிலே போயிருக்கலாம், வோல்டேஜ் தாழ்ந்திருக்கலாம், கம்ப்ரசரே இறுகியிருக்கலாம். எதுவானாலும் ஸ்விட்சை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். இதைக் கேட்டால் மட்டும் காதுக்காரர் முகத்தில் ஒரு கனிவு வந்துவிடும். "அது ஒண்ணுமில்ல தங்கச்சி. மூச்சு வாங்குது. போன வருஷமே கேட்டிருக்கேன்."

இதுதான் அவர் சாஸ்திரத்தின் சூட்சுமம். சத்தத்தில் நல்லது கெட்டது என்று அவருக்குக் கிடையாது; தெரிந்தது, தெரியாதது என்று இரண்டே இனம். நேற்று வந்தது எதுவானாலும் அந்நியன், சந்தேகப்பட வேண்டியவன். ரெண்டு வருஷம் தங்கிவிட்டால் ரேஷன் கார்டில் பேர் சேர்க்காத குறைதான். அவர் வீட்டுக் கூடத்து ஃபேன் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த வாரத்திலிருந்து சுற்றுக்கொரு தரம் ணங் என்கிறது. உப்புக்காற்றில் எந்த இரும்பும் உருப்படாத ஊர் இது. கொக்கியில் மாட்டியிருக்கும் போல்ட்டும், அது நழுவாமல் தடுக்கும் பின்னும், ரப்பர் புஷ்ஷும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று ஏணி போட்டுப் பார்க்க வேண்டிய சத்தம். காதுக்காரர் அதற்கு நேர் கீழே ஈசிசேர் போட்டுத் தூங்குகிறார். அது கேட்காவிட்டால் தூக்கம் வராதாம்.

மிக்சி கரகரத்தால் தேங்காய் முத்தல் என்பார். ஜாருக்கு அடியிலுள்ள கப்ளர் பல் தேய்ந்து போனதற்கு எத்தனையோ தேங்காய்கள் பழி சுமந்திருக்கின்றன.

தன் காதுக்கு அவர் ஒரு வம்சாவளியே வைத்திருக்கிறார். "நம்ம அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்துல கொக்கரை, மத்தளம், வீணை, குடமுழான்னு எத்தனை வாத்தியம் சொல்றாங்க! சுடுகாட்டுப் பேய்க்கூத்துக்கு நடுவுலயும் எது எந்த வாத்தியம்னு பிரிச்சுக் கேட்டவங்க பொறந்த ஊருய்யா இது." மாங்கனித் திருவிழாவில் ஊரே மாம்பழம் வீசுவதிலும் பிடிப்பதிலும் இருக்கும்போது இவர் மட்டும் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே நின்று சுருதி பார்த்துக்கொண்டிருப்பார். இதில் அவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை அதிர்வதால் அது முனகுவது 100 ஹெர்ட்ஸில். அதாவது கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டைக்கு மயிரிழை மேலே. வீட்டு ஸ்டெபிலைசரும் அதே சுருதியில்தான் ரீங்கரிக்கிறது. "ஊருக்கே ஒரே தம்புரா" என்கிறார். நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த டெல்டாக் காது, பொய் சொல்லாது. அதற்குமேல் வாய் சொல்வதில்தான் சிக்கல்.

திருநள்ளாறு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது சனீஸ்வரனை விட்டுவைப்பாரா? பேரிங் தேய்ந்து, துணி பிழியும்போது தெருவே அதிரும் வாஷிங் மெஷினைப் பார்த்து அவர் சொன்னது: "வாரண்டி ரெண்டு வருஷம். சனி ஒரு ராசியில இருக்கறது ரெண்டரை வருஷம். நடுவுல வர்ற ஆறு மாசத்துலதான் எல்லா மெஷினும் கத்தும்." இதற்கு இதுவரை யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

காரைக்காலுக்கே உரிய சத்தம் ஒன்று உண்டு. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும், சில வீடுகளில் பென்ஷனும் பாஸ்போர்ட்டும் தங்கிவிட்டன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் அந்தச் ‘சொல்தா’ வீடுகளுக்குப் பாரிஸிலிருந்து லீவில் வரும் பிள்ளைகள் காபி மெஷின், இஸ்திரிப்பெட்டி என்று தூக்கி வருவார்கள். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதில் தகராறில்லை. தகராறு பிளக்கில். அந்த ஊர்ப் பிளக்கின் முனை 4.8 மில்லிமீட்டர் தடிமன். நம்ம ஊர்ச் சின்ன சாக்கெட் எதிர்பார்ப்பது 5-க்குச் சற்று மேல். நுழையும், ஆனால் பிடிக்காது. எர்த்தும் கிடைக்காது. சூடு பண்ணுகிற சாமான் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும்போது அந்தத் தளர்ச்சியில் தீப்பொறி தாவும். தூரத்துச் சமையலறையில் கடுகு பொரிவதுபோல் சிடுசிடுவென்று கேட்கும். வீட்டில் கேட்கும் சத்தங்களில் இதைவிடப் பொல்லாதது எனக்குத் தெரிந்து கிடையாது. அடுத்து பிளாஸ்டிக் கருகும் வாடை, சாக்கெட் சுடுவது, அப்புறம் நெருப்பு.

காதுக்காரர் ஒரு வீட்டில் அதைக் கேட்டார். துண்டை மடித்து, கண்ணை மூடி, நிதானமாகவே கேட்டார். "பிரான்ஸ் மெஷின், பிரெஞ்சுல பேசுது" என்று சொல்லிவிட்டு, அதில் போட்ட காபியையும் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் சாக்கெட் கறுத்துப்போய், எலக்ட்ரீஷியன் வந்து மாற்றினார். "நான்தான் அப்பவே பேசுதுன்னு சொன்னேனே" என்றார் இவர்.

அவருக்குக் கேட்காத சத்தமும் உண்டு. வயதானால் கீச்சு ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். பேத்தி ஒருநாள், "தாத்தா, சார்ஜர் கீச்சுனு கத்துது" என்றாள். காதை வைத்தார். மறு காதை வைத்தார். மகனைக் கூப்பிட்டார். "புள்ளைய நல்ல காது டாக்டர்கிட்ட காட்டுப்பா. இல்லாத சத்தமெல்லாம் கேக்குதாம்."

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் ஆள் போகிறது என்றால், மெக்கானிக் வர மூன்று நாளாகும், வந்து எட்டிப் பார்த்ததற்கே காசு வாங்குவார். இவர் கணக்கு ஒரு டம்ளர் காபியோடு முடிந்துவிடும். இன்னொரு காரணம் தண்ணீர் மோட்டார். அதில் மட்டும் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தண்ணீர் ஏறும்போது மோட்டார் கனத்த குரலில் ஓடும்; தொட்டி வற்றிக் காற்றை இழுக்கத் தொடங்கினால் பாரம் விட்டுப்போய்க் குரல் லேசாகி மேலே எழும்பும். அப்படியே விட்டால் சீல் எரிந்துவிடும். விடியற்காலையில் போர்வைக்குள்ளிருந்தே, "நாலாவது வீடு, மோட்டார் வெறும் வாய்ல மெல்லுது, நிறுத்துங்க!" என்று இவர் போடும் சத்தத்தில் தெருவின் பல மோட்டார்கள் பிழைத்திருக்கின்றன.

இப்போது வைத்தியம் கடல் தாண்டிவிட்டது. பாரிஸில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் தன் வாஷிங் மெஷின் போடும் சத்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பெரியப்பா, இது என்னன்னு சொல்லுங்க, இங்க மெக்கானிக்க கூப்பிட்டா சொத்த எழுதி வைக்கணும்" என்று கேட்டிருந்தாள். போனை ஈசிசேர் கையில் சாய்த்து, துண்டை மடித்துக் காதுக்கு அண்டக் கொடுத்து மூன்று முறை கேட்டார். சனிப்பெயர்ச்சி பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம்.

"கீழ ஒரு மூடி இருக்கும், தண்ணி போற ஃபில்டரு. திறந்து பாரு. சில்லறை கிடக்கும்."

அரைமணியில் போட்டோ வந்தது. உள்ளங்கையில் ஒரு ஹேர்பின், ஒரு இரண்டு யூரோ நாணயம். காதுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு பதில் பேசி அனுப்பினார்: "ஹேர்பின்ன நீயே வச்சுக்க. மத்தது ஃபீஸு. லீவுக்கு வரும்போது மறக்காம எடுத்துட்டு வா."

அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு, யூரோ இன்றைக்கு என்ன விலை போகிறது என்று விசாரித்தார்.