நியூயார்க் கப்கேக் கடைகள்: ஓர் ஒப்பாய்வு

அயல்நகருக்குச் செல்லும் பயணியர் அங்குள்ள அருங்காட்சியகங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது அரிது. ஒன்றைச் சுற்றி முடிப்பதற்குள் கால்கள் ஓய்ந்துவிடுவதால், ஒப்பீட்டிற்கு வேண்டிய இரண்டாவது அருங்காட்சியகம் வாய்ப்பதே இல்லை. தின்பண்டக் கடைகளின் நிலை வேறு. அவற்றுள் ஒன்றில் மட்டும் உண்டு திரும்புபவர் பசித்தவர் என்றும், நான்கில் உண்டு திரும்புபவர் ஆராய்ச்சி மனப்பான்மை உடையவர் என்றும் கருதப்படுவதால், தின்பதற்குக் கல்வியின் மதிப்பு எளிதில் கிட்டிவிடுகிறது. இவ்வகை ஆய்வுகளுள் மிகுந்த சர்க்கரையைச் செலவிட்டும் மிகக் குறைந்த முடிவுகளையே தந்திருப்பது, நியூயார்க் நகரத்துக் கப்கேக் கடைகளைப் பற்றிய ஒப்பாய்வாகும்.

கப்கேக் என்பது காகித உறையிட்ட சிறு குழிகளில் மாவை வார்த்து ஓவனில் சுட்டு, ஆறிய பின் அதன் தலையில் ஃப்ராஸ்டிங் எனப்படும் இனிப்புப் பூச்சை ஏற்றி வைத்த, ஒருவர் உண்ணும் அளவிலான கேக். அமீலியா சிம்மன்ஸ் 1796இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’ என்னும் சமையல் நூலிலேயே சிறு கோப்பைகளில் சுடும் கேக்கிற்கான குறிப்பு காணப்படுகிறது. அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இப்பண்டம் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்திலும் பள்ளி விழாவிலும் அடக்கமாகக் காலம் தள்ளியது. வயது வந்தோர் அதற்காகத் தெருவில் வரிசை கட்டி நிற்கக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை.

அந்த நிலை மாறத் தொடங்கியது 1996இல். ஜெனிஃபர் ஆப்பெல், அலிசா டோரி என்னும் இருவர் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், ப்ளீக்கர் தெருவும் மேற்கு 11ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் மேக்னோலியா பேக்கரியைத் திறந்தனர். 2000ஆம் ஆண்டில் ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ என்னும் தொலைக்காட்சித் தொடரில், தோழியர் இருவர் அக்கடையின் வெளியே அமர்ந்து கப்கேக் தின்றபடி காதல் விவகாரம் பேசும் சிறு காட்சி இடம்பெற்றதும், கடையின் வாசல் ஒரு தலமாகவே ஆகிவிட்டது. தொடரின் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுலாப் பேருந்துகள் வந்தன. வரிசை தெருமுனையைத் தாண்டியது. ஒருவருக்கு ஒரு டஜனுக்கு மேல் தருவதில்லை என்று கடை வரம்பு விதிக்க நேர்ந்தது. பேராசையை அடக்குவதற்காக விதிக்கப்படும் இவ்வகை வரம்பு, ஒன்று மட்டும் வாங்கலாம் என்று வந்தவருக்கும் பன்னிரண்டு வாங்கும் உரிமை தமக்கு உண்டென்பதை நினைவூட்டிவிடுகிறது என்பதைப் பொருளியலார் இன்னும் விரிவாக ஆராயவில்லை.

ஒப்பாய்வாளர் முதலில் அறிய வேண்டியது இக்கடைகளின் குலமுறை. ஆப்பெல் 1999இல் பிரிந்து சென்று, மிட்டவுன் பகுதியின் இரண்டாம் அவென்யூவில் பட்டர்கப் என்னும் கடையைத் தொடங்கினார். பட்டர்கப்பில் பணிபுரிந்தோர் 2003இல் ரிவிங்டன் தெருவில் சுகர் ஸ்வீட் சன்ஷைனைத் திறந்தனர். மேக்னோலியாவில் பணிபுரிந்தோர் வழியாக அதே ஆண்டில் செல்சீ பகுதியில் பில்லீஸ் பேக்கரி தோன்றியது. ஒரு வித்துவானிடம் பயின்ற சீடர்கள் தனித்தனிக் கச்சேரி செய்யத் தொடங்கிய பின், எவரது பாணி உயர்ந்தது என்று சபாவின் வெளியே ரசிகர்கள் சண்டையிடுவது போன்றதே இங்கு நிகழ்வதும். தட்டைக் கரண்டியால் வெளிர்நிறப் பட்டர்கிரீமை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பூசும் கைவாகு ஒரே சமையலறையிலிருந்து புறப்பட்டதாயிருக்க, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சுரங்க ரயிலில் மாறி மாறி ஏறும் ஆய்வாளர், தாம் ஒப்பிடுவது உடன்பிறப்புகளை என்பதை அறியாமலே வெனிலாவுக்கும் வெனிலாவுக்கும் இடையே ஆழமான தத்துவ வேறுபாடுகளைக் கண்டறிந்து விடுகிறார்.

ஆய்வின் முதல் அளவுகோல் கேக்கிற்கும் பூச்சிற்கும் இடையிலான விகிதம். இதில் அறிஞர் இரு கட்சியினர். கேக்கே பொருள், பூச்சு அதன் அணிகலன் என்போர் ஒரு சாரார். பூச்சே பொருள், கேக் அதை விரலில் ஒட்டாமல் பிடிப்பதற்கான ஏற்பாடு என்போர் மறுசாரார். முன்னவர் பூச்சில் பாதியை வழித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதும், எதிரே அமர்ந்திருக்கும் பின்னவர் பேச்சை நிறுத்தாமலே அத்தட்டைத் தம் பக்கம் நகர்த்திக்கொள்வதும், முரண்பட்ட கொள்கைகள் ஒரே மேசையில் இணக்கமாக வாழ முடியும் என்பதற்குச் சான்றாகும்.

இரண்டாவது அளவுகோல் பூச்சின் வகை. வெண்ணெயோடு பொடித்த சர்க்கரையைச் சேர்த்து அடிப்பது அமெரிக்க பட்டர்கிரீம். செய்வதற்கு மிக எளியதும், பல் மருத்துவருக்கு மிக உகந்ததும் அதுவே. முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் கொதிநீரின் ஆவியில் சூடேற்றி, நுரை பொங்க அடித்து, வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது சுவிஸ் முறை. இதில் இனிப்பு மட்டாக இருப்பதால் உண்பவர் தம்மை நிதானமானவர் என்று கருதிக்கொண்டு இன்னொன்று எடுக்கிறார். சிறிதளவு கோகோவும் மோரும் நிறையச் சிவப்புச் சாயமும் சேர்த்துச் சுட்டு, கிரீம் சீஸ் பூச்சிடப்படும் ரெட் வெல்வெட் தனி வகை; சிவப்பு என்பதே ஒரு சுவை என்று நம்பி உண்போரும் உளர். முட்டையும் பாலும் விலக்கியோருக்கு 2005இல் லோயர் ஈஸ்ட் சைடில் பேபிகேக்ஸ் என்னும் பெயரில் தொடங்கப்பட்ட கடை புகலிடமாயிற்று. அங்கே உண்பவருக்கு, உடல்நலம் பேணும் திருப்தியும் அதை மேசையிலிருக்கும் மற்றவர்க்கு எடுத்துரைக்கும் வாய்ப்பும் ஒருங்கே கிடைக்கின்றன.

மூன்றாவது அளவுகோல் வெப்பநிலை. கேக்கிலுள்ள ஸ்டார்ச் குளிர்பதனப் பெட்டியின் குளிரில் விரைந்து இறுகும், வெண்ணெயும் கெட்டிப்படும். ஆகவே, வாங்கியதை இரவு முழுதும் விடுதி அறையின் குளிர்பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் காலை உண்டு, கடைக்காரரின் கைத்திறனைக் குறை கூறுபவர் உண்மையில் மதிப்பிடுவது அந்தக் குளிர்பெட்டியை. மாறாக, ஜூலை மாத வெயிலில் பெட்டியை ஏந்தி நடப்போருக்குப் பூச்சு கேக்கை விட்டு மூடிக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. மூடியை நக்கித் தரவுகளைத் திரட்டுவதற்கு ஆய்வு நெறிமுறைகள் இதுவரை தடை ஏதும் விதிக்கவில்லை.

அளவிலும் கடைகள் ஒத்துப்போவதில்லை. க்ரம்ப்ஸ் என்னும் நிறுவனம் கைக்கு அடங்காத பெருங் கப்கேக்குகளை விற்றது. 2008இல் தோன்றிய பேக்ட் பை மெலிஸா ஒரே வாயில் மறையும் குட்டிக் கப்கேக்குகளை விற்கிறது. பெரியதை உண்பவர் ஒன்று உண்டதாக ஒப்புக்கொள்கிறார். சிறியதை உண்பவர் எத்தனை உண்டார் என்பது அவருக்கும் தெரியாது, ஆய்வேட்டிலும் பதிவாகாது.

இவ்வளவு நுணுக்கமான அளவுகோல்கள் இருந்தும் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதன் காரணம் கடைகளில் இல்லை. ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது அவ்வுணவின் மீதான விருப்பம் மட்டும் குறைந்துகொண்டே போவதையும், வேறு சுவையுள்ள உணவின் மீதான விருப்பம் பெரும்பாலும் அப்படியே இருப்பதையும் உளவியலார் ‘புலன்சார் நிறைவு’ என்பர். இதன்படி, பசியோடு நுழைந்த முதல் கடையின் கப்கேக் அமுதமாகிறது, இரண்டாவது நன்று, மூன்றாவதில் சர்க்கரை சற்று அதிகம், நான்காவதை எட்டும்போது இந்நகரத்தார் இனிப்பு செய்யும் கலையையே மறந்துவிட்டனர் என்ற முடிவுக்கு ஆய்வாளர் வருகிறார். நகரின் வடகோடியிலிருந்து தொடங்கியவரும் தென்கோடியிலிருந்து தொடங்கியவரும் தயாரிக்கும் தரவரிசைகள் நேர்த் தலைகீழாக அமைவதும், இருவருமே தத்தம் நாவின் மீது ஆணையிடுவதும் இதனால்தான். நாவு என்னும் இக்கருவி ஒவ்வோர் அளவீட்டிலும் பழுதுபட்டு, அடுத்த வேளை பசிக்கும்போதுதான் சீராகிறது.

தனி மனிதருக்கு ஒரு பிற்பகலில் நேர்வது நாட்டிற்குச் சில ஆண்டுகளில் நேர்ந்தது. 2011இல் க்ரம்ப்ஸ் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. 2012இல் ஸ்ப்ரிங்கிள்ஸ் நிறுவனம், பணம் தரும் இயந்திரத்தின் வடிவில் நள்ளிரவிலும் கப்கேக் தரும் இயந்திரத்தைப் பெவர்லி ஹில்ஸில் நிறுவியது. 2014இல் நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவிலும் அது வந்தது. அதே 2014ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில் க்ரம்ப்ஸ் தன் கடைகள் அனைத்தையும் ஒரே நாளில் மூடியது. முதலீட்டாளர்களும் நான்காவது கடையை எட்டியிருந்தனர் என்பதே இதற்கான எளிய விளக்கம்.

இனி, ஆய்வாளரோடு உடன்செல்லும் துணைவர் குறித்துச் சொல்ல வேண்டும். இனிப்பில் நாட்டமற்ற இவர், பெட்டிகளைச் சுமப்பதற்கும் வரிசையில் இடம் பிடிப்பதற்கும் அழைத்து வரப்பட்டவர். ஆய்வாளர் குறிப்பெடுக்கும் வேளையில் தெருமுனைக் கடையில் ஒரு துண்டு பீட்சாவை உண்டு முடிப்பவர். ஆகவே, மாலையில் பூங்கா பெஞ்சில் பெட்டிகள் திறக்கப்படும்போது பழுதுபடாத நாவு அவருடையது மட்டுமே. ஒவ்வொன்றிலும் ஒரு விள்ளல் எடுத்து வாயிலிட்டு, “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்று அவர் கேட்கும்போது, ஆய்வாளர் அதை ரசனையின்மை என்று ஒதுக்கிவிடுகிறார். ஆனால், மேற்சொன்ன குலமுறையை நோக்கினால், இத்துறையில் இதுவரை எட்டப்பட்ட முடிவுகளுள் வரலாற்றுச் சான்றோடு முழுதும் பொருந்துவது அது ஒன்றே. அதைக் கண்டறிந்தவருக்கு அடுத்த பயணத்திலும் பெட்டி சுமக்கும் பொறுப்பே வழங்கப்படுகிறது.