கடலில்லாக் கடற்படை

கேள்வி: ஒரு நாட்டின் அடையாளத்தைத் தீர்மானிப்பது நிலமா, வரலாறா, பண்பாடா?

பதில்: பொலிவியாவைக் கேட்டால், 'பறிபோன நிலம்' என்பார்கள்! 1878இல், தன் கடற்கரையில் வெடியுப்பு வெட்டிய சிலி நாட்டு நிறுவனத்துக்கு, குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி போட்டது அந்த நாடு. மறு ஆண்டே சிலியின் படை இறங்கிவிட்டது. வரி வசூலாகவில்லை, கடற்கரை மொத்தமும் போயிற்று. 1904இல் அதற்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள்.

அதோடு விட்டார்களா? 1963இல் புதிதாக ஒரு கடற்படைக்கு வித்திட்டார்கள்! டிட்டிகாகா ஏரியில், சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் ரோந்து. மாலுமிக்குத் தலைசுற்றினால் அலையைக் குறை சொல்ல முடியாது, காற்றில் பிராணவாயு குறைவு. ஒவ்வொரு மார்ச் 23ஆம் தேதியும் 'கடல் தினம்'. 1879இல் அதே நாளில் கலாமா போரில் உயிர்விட்ட எடுவார்டோ அவரோவாவுக்கு மலர்வளையம், ஊர்வலம், உரை. கடலையே பார்த்திராத பிள்ளைகளும் மாலுமி உடையில் நடப்பார்கள். (கடல் கைவசம் இருக்கும் நாம் அதில் குப்பை கொட்டுகிறோம், அது வேறு கதை.)

'பொலிவியாவுக்குக் கடல்வழி தருவது பற்றிச் சிலி பேச்சுவார்த்தைக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை' என்று 2018இல் சர்வதேச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பொலிவியா கடற்படையை மட்டும் கலைக்கவில்லை.