ஆண்டுக்கொரு சொல்: அரியூர் நாட்டை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

மார்கழி பிறந்ததும் கற்றோர் நடுவே ஒரு வழக்கம் தலைதூக்குகிறது. வரும் ஆண்டு முழுவதையும் வழிநடத்த ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பது. 'நிதானம்', 'துணிவு', 'நன்றி' என ஏதோ ஒன்றைப் பிடித்து, டைரியின் முதல் பக்கத்தில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, காணும் பொங்கலுக்குள் காணாமற்போக்குவது இதன் முறை. இது குறித்துத் தமிழில் தக்க ஆராய்ச்சி இல்லை என்ற குறையை இக்கட்டுரை போக்கும்; போக்காவிடினும் பெருக்காது.

ஆய்வுக்களம் அரியூர் நாடு. நாடு என்றதும் யாரும் பாஸ்போர்ட்டைத் தேட வேண்டாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்று அது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊராட்சி. இக்களத்தைத் தேர்ந்த காரணம் போகப்போக விளங்கும். விளங்காதவர்கள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

முன்னோர் கொள்கைகள்

இப்பொருளில் மூன்று கட்சிகள் உள.

முதலாவது, முன்சொற் கட்சி. இதன் தலைமையகம் பஞ்சாங்கம். பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள் வரிசையில் நிற்கின்றன. சித்திரை முதல் நாள் ஒன்று வந்து வாசற்படி ஏறும். நம்மைக் கேட்பதில்லை. 2024 ஏப்ரலில் வந்தது 'குரோதி'. சினங்கொண்ட ஆண்டு. அதற்காக எவரும் கூடுதலாகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வழக்கமான அளவே போதுமானதாக இருந்தது. ஆனால் முந்தைய குரோதி 1964-65. தனுஷ்கோடியைப் புயல் கொண்டதும், இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்ததும் அவ்வாண்டே என்று இக்கட்சியார் மேசையைத் தட்டுவர். மிச்சமுள்ள 59 பெயர்களுக்கும் இப்படிச் சான்று கேட்டால் தட்டுவதை நிறுத்தித் தண்ணீர் குடிப்பர்.

இரண்டாவது, பின்சொற் கட்சி. ஜப்பானில் 1995 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் மக்கள் வாக்களித்து, முடியப்போகும் ஆண்டுக்கு ஓர் எழுத்தைச் சூட்டுகிறார்கள். கியோட்டோ நகரின் கியோமிசு கோயில் தலைமைத் துறவி அதைப் பெருந்தூரிகையால் எழுதிக் காட்டுவார். முதல் ஆண்டின் எழுத்து 'நடுக்கம்'. அவ்வாண்டு ஜனவரியில்தான் கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்தது. நடந்து முடிந்ததற்குப் பெயர் வைப்பதால் இக்கட்சி ஒருமுறையும் தோற்றதில்லை.

மூன்றாவது, தீர்மானக் கட்சி. ஐ.நா. பொதுச்சபை கைதூக்கி ஆண்டுக்குப் பெயரிடும். 2004 அரிசிக்கு, 2008 உருளைக்கிழங்குக்கு, 2016 பருப்பு வகைகளுக்கு. இந்தியாவின் முன்மொழிவால் 2023 சிறுதானியத்துக்கு. அரியூர் நாடு ஆராய்ச்சிக்குள் நுழைவது இவ்விடத்தில்தான். உலகம் 2023இல் கண்டெடுத்ததைக் கொல்லிமலைப் பாட்டிமார் அதற்கு வெகுகாலம் முன்பே உரலில் போட்டுக் குத்திக்கொண்டிருந்தனர். அவர்களை யாரும் தீர்மானத்துக்கு அழைக்கவில்லை.

முதற் சோதனை: ஏற்றம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். சொல்லின் உறுதியை அளக்க இதனினும் தக்க கருவி இல்லை. அடிவாரத்தில் 'துணிவு' என்று பேருந்தேறும் சமவெளிக்காரர், பாதி வழியில் அச்சொல்லைக் கைவிட்டு, 'எலுமிச்சம்பழம்' என்ற சொல்லைப் பற்றுவார். மலைக்காரரோ தூங்கிக்கொண்டே வருவார். ஆகவே சொல்லின் ஆயுள் சாலையைப் பொறுத்தது என்பது துணிபு.

இரண்டாம் சோதனை: விளைவு

கொல்லிமலையில் சாமை என்றால் ஒரு சாமை அன்று. பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை எனப் பலவுண்டு. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று நாளெடுக்கும். மழை எதைக் கைவிட்டாலும் இன்னொன்று கஞ்சிக்கு ஆகும். அருகே தினை, கேழ்வரகு. பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. நட்டால் ஏறக்குறைய பத்து மாதம் மண்ணில் கிடக்கும். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். விலையைக் கீழே உள்ளவர்கள் சொல்வார்கள். காசு வந்தது, சாமைக்காடு சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்கு வந்து, ஊரவரோடு விதை வங்கி அமைத்துப் பழைய ரகங்களைக் காக்க முனைந்தது.

ஆண்டுக்கொரு சொல் என்பது இந்தக் குச்சிக்கிழங்கு. ஜனவரியில் நட்டு, பத்து மாதம் திரும்பிப் பாராமல், விலையைப் பிறர் சொல்லக் கேட்பது. 'துணிவு' ஒன்றையே பயிரிட்டவர் வீட்டில் ஆனியில் பொறுமையும் ஐப்பசியில் சிக்கனமும் தேவைப்பட்டால் எங்கே போவார்?

மறுப்பும் விடையும்

'ஒன்றைப் பற்றினால்தானே மனம் குவியும்?' என்பர். குவியட்டும். ஆனால் குவிந்த மனத்துக்கும் மூன்று வேளை பசிக்கும்.

முடிபு

ஆண்டுக்கு ஒரு சொல் போதாது என்பது நிறுவப்பட்டது. ஆகவே வாசகர் போகத்துக்கொரு சொல்லை எடுத்துக்கொள்க. சீக்கிரம் விளைவது ஒன்றும் நாளெடுப்பது ஒன்றும் கைவசம் இருக்கட்டும். விளைந்ததில் ஒரு பிடியை விதைக்கு ஒதுக்குக. இல்லாதவர் அக்கம்பக்கத்தில் கடன் வாங்கலாம்; விதை வங்கி முறைப்படி, அறுவடையில் சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும்.