தீவகத் தோட்டம்: கேளுங்கள், முளைக்கும்!

கே: வீட்டுத் தோட்டம் தொடங்க நல்ல நாள் எது? (வேலணை)

ப: ஆறில்லாத தீவகத்துக்கு மாரி மழைதான் நீர்ப்பாசனத் திணைக்களம். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றைப் புரட்டாசியிலேயே போடுங்கள். ஐப்பசி மழைக்கு நடப் பதமாக நிற்கும். பஞ்சாங்கம் பார்க்கலாம். அதற்கு முன் வானத்தைப் பாருங்கள்.

கே: எங்கள் கிணறு உவர். எதைப் போட்டாலும் கருகுகிறதே? (நெடுந்தீவு)

ப: போஞ்சியும் கரட்டும் போட்டிருப்பீர்கள். உப்பென்றால் முதலில் சாகிறவை அவைதான். பயற்றையும் பீற்றூட்டும் ஓரளவு தாங்கும். நாற்றுப் பருவத்துக்கு மட்டுமாவது கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வையுங்கள். பச்சைக் குழந்தையின் சோற்றில் யாராவது உப்பை அள்ளிப் போடுவார்களா?

கே: மோட்டர் போட்டு இறைத்தால் வேலை சுகம்தானே? (புங்குடுதீவு)

ப: தம்பி, நமது நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் படை. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலுள்ள உப்பெல்லை நாற்பது அடி வரை ஏறும் என்பது நீரியல் கணக்கு. துலா மிதித்த அப்பு இந்தக் கணக்கைப் படிக்கவில்லை. ஆனால் கிணற்றைக் கெடுக்கவுமில்லை. நாலு பாத்திக்கு வாளி போதும்.

கே: விதையை எத்தனை ஆழத்தில் போடுவது? (நயினாதீவு)

ப: விதையின் தடிப்பைப் போல் இருமடங்கு. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிதாக மண் போட்டால் சரி. அதற்கு மேல் ஆழம் கிணறு வெட்டுகிறவருக்கு.

கே: கலப்பின விதையில் நல்ல காய் வந்தது. அதிலிருந்து விதை எடுக்கலாமா? (ஊர்காவற்றுறை)

ப: எடுக்கலாம், தாயைப் போல் பிள்ளை வராது. அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும். விதை எடுக்க வேண்டுமென்றால், நமது யாழ்ப்பாணத் திருநெல்வேலியின் பெயரிலேயே ஊதாக் கத்தரி இருக்கிறது, அதை நடுங்கள். திறமான காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் பிரட்டி வையுங்கள். சொத்தைக் காயை விதைக்கு ஒதுக்குகிறவர் வருகிற வருடமும் சொத்தைதான் தின்பார்.

கே: ஆடும் குதிரையும் வந்து மேய்கின்றனவே? (நெடுந்தீவு)

ப: சாந்தே இல்லாமல் பவளக்கல் அடுக்கி மதில் கட்டிய ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? வளவில் கிடக்கும் பழங்கல்லை நெஞ்சளவு அடுக்குங்கள். குதிரையை ஏசாதீர்கள், அதன் சாணத்தை மட்க வைத்தால் பாத்திக்கு எரு.

கே: இரசாயன உரம் இல்லாமல் விளையுமா? (அனலைதீவு)

ப: 2021இல் நாடு முழுவதும் ஒரே அறிவிப்பில் நிறுத்திப் பார்த்தார்கள். அந்த வருடம் முடியுமுன்பே தடையை விலக்கினார்கள். நாட்டுக்குச் சரிவரவில்லை, உங்கள் நாலு பாத்திக்குச் சரிவரும். பூவரசங்குழை தாழ்த்துங்கள், மாட்டெரு போடுங்கள், குசினிக் கழிவை மட்க விடுங்கள்.

கே: 2022இல் தோட்டம் செய்யவென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்களே! மறுபடி தருவார்களா? (காரைநகர்)

ப: கீரை வெள்ளிக்கிழமை மட்டும் தண்ணீர் கேட்பதில்லை. காலையில் பத்து நிமிடம் போதும். அதற்கு லீவு விண்ணப்பம் தேவையில்லை.

கே: பிள்ளைகள் மரக்கறியைத் தொடுகிறார்களில்லை. என்ன செய்ய? (நெடுந்தீவு)

ப: பத்து வயதிலிருந்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறிகட்டுவானில் படகேறி ஒரு மணி நேரம் வெயில் குடித்து வரும் வாடல் வெண்டியைப் பிள்ளை வெறுப்பதில் நியாயமுண்டு. அதன் கையில் நாலு வெண்டி விதையைக் கொடுங்கள். ஏழு கிழமைக்குள் தன் காயைத் தானே முறித்து வரும். சமைக்கச் சுணங்கினால் உங்களுக்குத்தான் ஏச்சு.

கே: எதில் தொடங்கலாம்? (எழுவைதீவு)

ப: முளைக்கீரையில். மூன்று நாலு கிழமையில் சட்டிக்கு வந்துவிடும். முதலில் ஒரு பாத்தி; அதை அறுத்த பிறகு அடுத்தது. முதல் நாளே வளவு முழுக்கக் கொத்துகிறவருக்கு மிஞ்சுவது முதுகுவலி. இந்த மாரியை விட்டால் அடுத்த மாரிக்கு ஒரு வருடம். விதையை இன்றே வாங்கி வையுங்கள்.